வட்டியும் யூனிட்டும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசி கரண்ட் பில்லைப் பற்றியது, மற்ற அரைவாசி வங்கி வட்டியைப் பற்றியது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு முடிவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்கா, ஆறு மெஷின் போட்டுத் தைக்கிறேன். எல்லாம் பழைய கிளச் மோட்டர். 2022 முடிவில் சேர்வோ மோட்டருக்கு மாற்ற 120,000 ரூபா கடன் கேட்டேன். நூற்றுக்கு 30 வட்டி என்றார்கள், விட்டுவிட்டேன். மாற்றினால் மாதம் 4,000 ரூபா மிச்சம் வரும் என்று மெக்கானிக் சொல்கிறார். இப்போது வட்டியும் குறைவு, கரண்ட் கட்டணமும் 2023இல் இருந்ததை விடக் குறைவு. இனியும் மாற்ற வேண்டுமா?
*தையல் கடைக்காரர், கொட்டாஞ்சேனை*

மாற்றுங்கள் தம்பி. ஆனால் முதலில் ஒரு மெஷினில் மட்டும் மாற்றி ஒரு மாதம் பாருங்கள். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன மீட்டர் முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். பழைய மெஷின் ஒன்றிலும் புதியது ஒன்றிலும் மாட்டி, இரண்டையும் எழுதி வையுங்கள். மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும், கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கிளச் மோட்டர் காலையில் சுவிட்சைப் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் அளவெடுத்தாலும், நூல் கோத்தாலும், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அது நிற்பதில்லை. சேர்வோ மோட்டர் பெடலை மிதிக்கும்போதுதான் மின்சாரம் எடுக்கும். தையலில் ஊசி ஓடும் நேரத்தைவிடத் துணியைத் திருப்பும் நேரம்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதனால்தான் மிச்சம் பாதிக்கும் மேலே போகிறது.

இனிக் கடன் கணக்கைப் பார்ப்போம். மிச்சமாகும் 4,000 ரூபாவை அப்படியே தவணையாகக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 30 சதவீதமாக இருந்தால் 120,000 ரூபாவை அடைக்க 56 மாதம், அதாவது நாலே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வட்டியாக மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் போய்விடும். அதே கடன் 12 சதவீதத்துக்குக் கிடைத்தால் 36 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி ஏறத்தாழ 23,000 ரூபா. மோட்டர் ஒன்றுதான், மிச்சமாகும் யூனிட்டும் ஒன்றுதான். வட்டி மட்டும்தான் வேறு. 2022இல் நீங்கள் திரும்பி வந்தது சரியான முடிவு, இன்று திரும்பிப் போவதும் சரியான முடிவு.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடன் பிரிவில் நாங்கள் நிரப்பிய படிவத்தில் "இந்தக் கடனால் விற்பனை எவ்வளவு கூடும்" என்று ஒரு கட்டம் இருந்தது. "செலவு எவ்வளவு குறையும்" என்று ஒரு கட்டம் கிடையாது. இன்னொரு மெஷின் வாங்கக் கடன் கேட்டவருக்கு உடனே கொடுத்தோம். இருக்கிற மெஷினைக் குறைந்த மின்சாரத்தில் ஓட்டக் கேட்டவரை நகையைக் கொண்டுவரச் சொன்னோம். கூடுகிற வருமானம் நிச்சயமில்லாதது, குறைகிற பில் ஒவ்வொரு மாதமும் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது. நான் மேலே எழுதிப் பார்த்தேன், படிவம் மாறவில்லை. நீங்கள் போகும்போது கடந்த ஒரு வருடத்து பில்களையும் அந்தச் சின்ன மீட்டரின் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். கட்டம் இல்லாவிட்டாலும் தாளைப் பின் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கட்டணம் குறைந்துவிட்டதே என்று யோசிக்காதீர்கள். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். பிறகு இறங்கி ஏறி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, அதே வருடம் ஜூனில் 15 சதவீதம் கூடியது. இப்படி ஆடுகிற விலையை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு, குறைவாக இருக்கிற மாதங்கள்தான் மோட்டர் மாற்ற நல்ல மாதங்கள்.

அன்ரி, நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. எங்களுக்கு இல்லாமல் போனது பெற்றோலும் டீசலும். வட்டியைக் கூட்டினால் எண்ணெய்க் கப்பல் வருமா? என் அப்பாவின் அச்சகத்தை மூடவைத்தது அந்த வட்டிதான்.
*மாணவி, கிருலப்பனை*

அப்பாவுக்கு நேர்ந்ததை நினைக்க மனம் கனக்கிறது, மகள். அந்த மாதங்களில் எங்கள் வங்கியில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களின் முகங்கள் இன்னும் எனக்குள் இருக்கின்றன. அதனால் உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மாட்டேன்.

வட்டி கப்பலைக் கொண்டுவராது. உண்மை. ஆனால் கப்பலுக்குக் கொடுக்கும் டொலர் யார் கையில் இருக்கும் என்பதை வட்டி தீர்மானிக்கிறது. 2022இல் இந்த நாடு இறக்குமதிக்குச் செலவழித்ததில் கால்வாசிக்கு மேல் எரிபொருளுக்குப் போனது. கையில் டொலர் இல்லை, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அந்த நேரத்தில் வட்டி பணவீக்கத்தைவிட மிகக் கீழே கிடந்தது. ரூபாவை வைத்திருந்தால் நட்டம் என்று தெரிந்தவர்கள் அதைத் தங்கமாக, சாமானாக, டொலராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்ற வசதியில்லாதவர்கள் கையில்தான் ரூபா தேய்ந்தது. கூலி வாங்குகிறவர், ஓய்வூதியம் வாங்குகிறவர், உங்கள் அப்பாவிடம் வேலை செய்தவர் எல்லாரும் அதில் அடக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் வரை போனது. அடுத்த வருடம் செப்டெம்பரில் அது 1.3 சதவீதம். வட்டியைக் கூட்டாமல் இது நடந்திருக்காது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். வட்டி என்பது கண் பார்த்து வெட்டுகிற கத்தி இல்லை. வெளிநாட்டுக் கார் வாங்கவிருந்தவரையும் அது நிறுத்தியது, மின்சாரத்தைக் குறைக்கவிருந்த தையல் கடைத் தம்பியையும் நிறுத்தியது. முதலாமவரை நிறுத்தினால் நாட்டுக்கு டொலர் மிச்சம். இரண்டாமவரை நிறுத்தினால் நாட்டுக்கு டொலர் நட்டம். ஏனென்றால் மாலையில் தேவை உச்சத்துக்கு ஏறும்போது நாங்கள் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கிறோம், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிவதும் இறக்குமதி நிலக்கரிதான். சிக்கனக் கருவிகளுக்குக் காசு முதலிலேயே போடவேண்டும், பலன் மாதாமாதம் துளித்துளியாகத்தான் வரும். இப்படிப்பட்ட முதலீட்டைத்தான் உயர்ந்த வட்டி முதலில் கொல்லும். எரிபொருளை மிச்சம்பிடிக்க வேண்டிய தேவை எப்போது உச்சத்தில் இருந்ததோ, அப்போதே அதற்கான கடன் கைக்கு எட்டாமல் போனது. அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டிய காலம் அது. அரசுக்குக் கொடுத்தாலே அவ்வளவு கிடைக்கும்போது எந்த வங்கி கொட்டாஞ்சேனையில் மோட்டர் மாற்றக் கடன் கொடுக்கும்?

அதனால் மத்திய வங்கி வட்டியைக் கூட்டியதில் எனக்குக் குறையில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்காததுதான் குறை. சிக்கனக் கருவிக்கு மட்டும், அளவோடு, குறைந்த வட்டியில் ஒரு கடன் இருந்திருக்க வேண்டும். பங்களாதேஷ் மத்திய வங்கி 2009இலேயே சூரிய சக்தி, உயிரி எரிவாயு போன்றவற்றுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனுக்கு ஈடாக அந்த வங்கிகளுக்குக் குறைந்த வட்டியில் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஜப்பான் மத்திய வங்கி 2021இல் காலநிலை சார்ந்த கடன்களுக்காக வங்கிகளுக்கு வட்டியில்லாமல் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2022இல் நாங்கள் அப்படிக் காசு அச்சடித்துக் கொடுத்திருக்க முடியாது, அதுதானே நோய். ஆனால் வெளிநாட்டு உதவியாக வந்த பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி, வட்டியில் ஒரு பகுதியை வரவு செலவுத் திட்டம் ஏற்றிருக்கலாம். கேட்டால் காசில்லை என்பார்கள். எண்ணெய்க்குக் காசு தேடினார்களே, அந்த எண்ணெயைத் தேவையில்லாமல் செய்வதற்கும் தேடியிருக்கலாம்.

படிக்கிற பிள்ளை என்பதால் ஜப்பானின் கதையைத் தேடிப் படியுங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் எண்ணெயை ஏறத்தாழ முழுவதும் வெளியிலிருந்து வாங்கிய அந்த நாடு ஆடிப்போனது. அந்த டிசெம்பரில் மத்திய வங்கி வட்டியை 9 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அப்படியிருந்தும் 1974இல் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பிறகு தொழிற்சாலைகள் உலையையும் கொதிகலனையும் மாற்றின, 1979இல் எரிசக்திச் சிக்கனத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இரண்டாவது எண்ணெய் அதிர்ச்சி வந்தபோது மத்திய வங்கி முன்கூட்டியே வட்டியைக் கூட்டத் தொடங்கியிருந்தது, ஆலைகளும் முன்னைவிடக் குறைவாக எண்ணெய் குடித்தன. 1980இல் விலைவாசி ஏறியது 8 சதவீதம் அளவில்தான். வட்டி மட்டும் செய்ததல்ல, சிக்கனம் மட்டும் செய்ததுமல்ல. ஒன்று மற்றதன் சுமையைக் குறைத்தது. எரிபொருள் குறைவாகத் தேவைப்படும் நாட்டில், எண்ணெய் விலை ஏறினாலும் மத்திய வங்கி அவ்வளவு கடுமையாக வட்டியைக் கூட்டத் தேவையில்லை. உங்கள் அப்பாவின் அச்சகத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா செய்தது வேறு. அங்கே குறைந்தது மக்களின் செலவு, டொலர் அல்ல. வட்டியைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, 2009இல் ஏழைகளின் வீடுகளில் குளிர் புகும் இடங்களை அடைத்துத் திருத்த மட்டும் 5 பில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். அவர்களுக்கு வட்டியும் சிக்கனமும் ஒரே திசையில் ஓடின, எங்களுக்கு எதிரெதிராக ஓடின. நெருக்கடி எந்த வகை என்று பார்க்காமல் "அமெரிக்கா குறைத்தது, நாங்கள் ஏன் கூட்டினோம்" என்று வகுப்பில் யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 2023 தொடக்கத்தில் என் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி வந்தது. இப்போது 8 சதவீதம்தான் தருகிறார்கள், அதிலும் வரி பிடிக்கிறார்கள். வயதானவர்களை ஏன் இப்படி வாட்டுகிறார்கள்? மாதம் 150 யூனிட் வரை போகிறது, பில்லும் குறைந்தபாடில்லை.
*வாசகி, பம்பலப்பிட்டி*

ரீச்சர், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த 20 சதவீதம் வந்த நாட்களில் அரிசியும் பால்மாவும் என்ன விலை விற்றன என்று உங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். விலைவாசி 50 சதவீதம் ஏறும்போது கிடைக்கும் 20 சதவீதம், கைக்கு வருவதுபோல வந்து நழுவிப்போகிற காசு. விலைவாசி 1, 2 சதவீதம் ஏறும்போது கிடைக்கும் 8 சதவீதம்தான் உண்மையில் உங்களிடம் தங்குகிறது. வரி 2025 ஏப்ரலில் 5இலிருந்து 10 சதவீதமாகியது. உங்கள் மொத்த வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்றால், வங்கியில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து அதைப் பிடிக்காமல் செய்யலாம். இந்த வாரமே போய்க் கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பழைய சீலிங் ஃபேன் இரண்டு எப்படியும் ஓடும். பழையது 75 வோட் அளவில் இழுக்கும். பி.எல்.டி.சி என்று சொல்லி விற்கிற புதியவை 30 வோட் அளவில்தான். நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் இரண்டிலும் சேர்த்து மாதம் 21 யூனிட்டுக்கு மேல் மிச்சம். உங்கள் பில்லில் விலை கூடிய கடைசிப் படி யூனிட்டை 25 ரூபா என்று குறைத்தே போட்டாலும், வருடத்துக்கு ஏறத்தாழ 6,500 ரூபா. இரண்டு ஃபேனுக்கும் 30,000 ரூபா போட்டீர்கள் என்றால் அது வருடத்துக்கு 21 சதவீத வட்டி. நீங்கள் ஏங்குகிற அந்த 20 சதவீதம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதில் யாரும் வரி பிடிப்பதில்லை. வைப்பு முதிரும்போது முழுவதையும் திரும்பப் போடாமல், இவ்வளவை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

படிகளையும் கவனியுங்கள். எங்கள் வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. 2023 பெப்ரவரிக் கட்டணத்தில் 60 யூனிட் பாவித்தவருக்கு 2,560 ரூபா, 61 யூனிட் பாவித்தவருக்கு 3,212 ரூபா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 652 ரூபா! விலைகள் அதன் பிறகு இறங்கினாலும் அந்தக் கோடு அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் பாவனைக்கு அது தூரம்தான். ஆனால் உங்கள் தெருவில் 65, 70 யூனிட் பாவிக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். மாதம் 30 யூனிட் மட்டும் பாவித்த வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். 2022 ஓகஸ்டுக்கு முன் 105 ரூபா கட்டியவர்கள், ஆறு மாதம் கழித்து 1,300 ரூபா கட்டினார்கள். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் வைத்திருக்கிறவர் எதை அணைப்பார்? அவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசுவது எனக்குப் பிடிக்காது. சிக்கனக் கருவியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்று சொன்னார்கள். என் கடைக்கு வந்த சாமானில் ஒன்றும் விலை குறையவில்லையே?
*மொத்த வியாபாரி, புறக்கோட்டை*

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிடக் குறைவாகவே இருந்தது. பெரும் காரணம் மின்கட்டணமும் எரிபொருள் விலையும் இறங்கியதுதான். அந்த இரண்டின் எடை, விலை ஏறிய மற்றச் சாமான்களை மறைத்துவிட்டது.

இதில் மத்திய வங்கிக்கும் சிக்கல். 2023இல் வந்த புதிய சட்டத்தின் கீழ் அதற்குக் கொடுத்திருக்கிற இலக்கு 5 சதவீதம். இரண்டு காலாண்டு தொடர்ந்து அந்த இலக்கைவிட்டு 2 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். மேலே போனாலும் எழுத வேண்டும், கீழே போனாலும் எழுத வேண்டும். மின்கட்டணத்தைத் தீர்மானிப்பதோ பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மத்திய வங்கி அல்ல. கட்டணம் ஒரேயடியாக இறங்குவதும் பிறகு ஒரேயடியாக ஏறுவதும் வட்டி முடிவையும் குழப்பும். 2025 மே மாதம் கொள்கை வட்டி, அதாவது மற்ற வட்டிகளுக்கு வழிகாட்ட மத்திய வங்கி வைக்கும் வட்டி, 7.75 சதவீதத்துக்கு இறங்கியது. கடைக்குப் புதிய குளிரூட்டிப் பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால், வட்டி இப்படித் தாழ்வாக இருக்கும்போது செய்துவிடுங்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. கடன் வாங்கி சோலர் போடலாமா?
*வீட்டுக்காரர், தெஹிவளை*

முதலில் வீட்டுப் பாவனையைக் குறையுங்கள், பிறகு மிச்சத்துக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். எல்லாரும் மிஞ்சும் மின்சாரத்தை விற்கிற ஆசையில்தான் பெரிதாகப் போடுகிறார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். பகலில் வெயில் இருக்கிறது, பாவிக்க ஆள் இல்லை. மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லாரும் பாவிக்கிறோம், வெயில் இல்லை. அதனால் இனிமேல் பெற்றரியோடு சேர்த்துத்தான் விலை கேளுங்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு யூனிட்டுக்கு என்ன விலை என்பதும் மாறிக்கொண்டே வருகிறது, பழைய அயலவர் சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடன் என்றால் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் 2022இல் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஏ.சி. மிகப் பழையது. வீட்டுக்காரர் மாற்றமாட்டேன் என்கிறார், பில்லைக் கட்டுவது நாங்கள். என்ன செய்வது அக்கா?
*இளம் குடும்பத்தலைவி, வெள்ளவத்தை*

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இது. அவருக்கு மாற்ற அவசியமில்லை, உங்களுக்கு மாற்றும் உரிமையில்லை. அதனால் எரிகிறது ஊரின் நிலக்கரி. கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் மட்டும் உங்கள் காசைப் போடுங்கள் தங்கச்சி: எல்.ஈ.டி. பல்ப், நல்ல ஃபேன். ஏ.சி.யின் வடிகட்டியை மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், 26இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: புதிய ஏ.சி.யை நாங்கள் வாங்கிப் போடுகிறோம், பாதி விலையை ஒரு வருடத்துக்குள் வாடகையில் கழியுங்கள், போகும்போது அது உங்களுக்கே. பில்லைக் காட்டிக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.